மூவாயிரம் எழுத்துகளுக்குள்

ஒன்பதாம் பெட்டி கேட்கிறது:
மதிப்பெண்களில் சரிவு இருந்தால்
காரணத்தை விளக்கவும்,
மூவாயிரம் எழுத்துகளுக்குள்.

மூன்றாம் பருவம், நான்காம் பருவம்.
ஆறு அரியர்.
பாய்ம இயக்கவியலில் மட்டும்
இருபத்து மூன்று, பத்தொன்பது,
மறுபடி அதே இருபத்து மூன்று.
அரியர் என்றால் கிடைத்தற்கு அரியவர் என்று
விடுதிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தோம்.
அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?

இங்கே ஒன்று என்றால் உச்சம்,
ஐந்து என்றால் தோல்வி.
ஒரு சூத்திரம் இருக்கிறது.
நம் ஊர் எண்ணை உள்ளே போட்டால்
இந்த ஊர் எண் வெளியே வரும்.
எனக்கு மூன்று புள்ளி நான்கு.
நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.
சூத்திரம் மனசு மாறவில்லை.

"யாரையாவது சாகடி" என்றான் இன்பராஜ்,
காசெல் நகரத்துப் பொதுச் சமையலறையில்
வெங்காயம் நறுக்கிக்கொண்டே.
"நான் தாய்மாமனைக் கொன்றேன்,
டார்ம்ஸ்டாட்டில் இடம் கிடைத்தது.
அப்பா அம்மா மட்டும் வேண்டாம்,
சான்றிதழ் கேட்பார்கள்."

கோபிச் சித்தியைத் தேர்ந்தெடுத்தேன்.
ஆடியில் கட்டி,
ஐப்பசியில் ஆஸ்பத்திரி,
தை பிறந்தது,
சித்திக்கு வழி பிறக்கவில்லை.
இரண்டாயிரத்து எழுநூறு எழுத்துகள்.
நன்றாகத்தான் வந்திருந்தது.
படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

அன்று சாயங்காலம் வீடியோவில் அழைத்தாள்,
தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
"எட்டு போட்டுட்டேன் கண்ணு!
லைசென்ஸ் வந்துரும்!"
ஐம்பத்து நாலு வயதில், மூன்றாவது தடவையில்.
"முன்னாடி ரெண்டு தடவ என்னாச்சு சித்தி?"
"கால ஊனிட்டேன்" என்றாள்.
அவ்வளவுதான்.
வெயில் என்றோ, வண்டி சரியில்லை என்றோ,
அதிகாரி முறைத்தான் என்றோ
எதுவும் வரவில்லை.
"நீ என்ன பண்ணீட்டிருக்கே?"
"உன்னையேதான் நினைச்சிட்டிருந்தேன்."

அது பொய்யில்லை.

அழித்தேன்.
வெள்ளைப் பெட்டியில் கோடு துடித்தது.
அந்த ஆண்டு யாரும் சாகவில்லை.
காதல் இல்லை. காய்ச்சல்கூட இல்லை.
ஒரு செவ்வாய் மதியம் கண்ணயர்ந்தேன்,
வகுப்பு போய்விட்டது.
போகாததற்கு வெட்கமாக இருந்தது,
அதனால் புதனும் போகவில்லை.
புதனுக்கான வெட்கத்தில் வியாழன்.
கந்துவட்டிபோல் குட்டி போட்டது வெட்கம்.
கார்த்திகைக்குள்
பேராசிரியர் தாமோதரன் எதிரே வந்தால்
நூலகத்தின் பின்வாசலில் நுழைகிறவளாக ஆகியிருந்தேன்.
அதற்கு ஏதாவது நோய்ப்பெயர் இருந்திருக்கலாம்.
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

ரொட்டி ஆலையில் என் பக்கத்து மேடை ரெனாட்டே
இடைவேளையில் வாசித்தாள்,
விரலில் மாவோடு.
"காரணம் சொல்லும்போது
'வைல்' போடு" என்றாள்.
வைல் என்று தொடங்கினால்
வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும்,
தமிழில் எப்போதும் இருப்பதுபோல,
நான் வகுப்பில் உட்கார்ந்த இடம்போல.
'ஏனெனில் நான் என்னைப் பற்றி வெட்கப்பட்டேன்.'
இரண்டு முறை படித்தாள்.
"இது போதுமா?" என்று கேட்டாள்.
தெரியவில்லை என்றேன்.

ஏழாம் பருவத்தில்
என்னைவிட இரண்டு வயது சிறியவர்களோடு
முதல் பெஞ்சில் உட்கார்ந்து
ஆறையும் எழுதி முடித்தேன்.
பாய்ம இயக்கவியல், எழுபத்தொன்று.
எப்படித் திரும்பிப் போனாய் என்று
படிவம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.
அந்தப் பின்வாசலுக்கு ஒருநாள் பூட்டுப் போட்டிருந்தார்கள்,
அது ஒரு காரணமாகுமா?

கடைசி நாள். இரவு வேலைக்குப் போகும்
ஐந்தாம் எண் ட்ராம்.
(ஐந்து இங்கே தோல்வி.
என்னைச் சம்பளத்துக்குக் கொண்டுபோவதும் ஐந்துதான்.)
நானூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள்.
மிச்சமுள்ள இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டை
எதைக் கொண்டு நிரப்ப?
ஃபுல்டா ஆறு எங்கோ இருட்டில் இருந்தது.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
நின்றது.

என் நிறுத்தத்தில் கதவு திறந்தது.
மழை.
காலை ஊன்றி இறங்கினேன்.
அடையாள அட்டையை
வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.